கோவளத்தில் துப்பிய மீன்

ஜூலை 12, சனி

காலையிலிருந்து வெயில். திரும்பும்போது கேளம்பாக்கத்தில் நாலு தூறல், அதோடு சரி. கழுத்தின் பின்பக்கம் எரிகிறது. கற்றாழை ஜெல் தீர்ந்துவிட்டது.

இடம்: பாத்ரூம். கவிழ்த்த வாளி மேல். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருக்கிறேன். பதினைந்து நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுவார்கள்.

இது எட்டாம் வகுப்பு சோஷியல் நோட்டின் பின்பக்கம். முன்பக்கம் முகலாயர்கள். எழுதி முடித்ததும் நாப்கின் பாக்கெட்டுக்குள் போய்விடும். அப்பா வீட்டில் எல்லா இடத்திலும் கை வைப்பார், அதில் மட்டும் வைக்க மாட்டார். போன டைரி அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது. எடுத்து, 'என் பொண்ணு டைரில என்ன எழுதியிருக்கா பாருங்க மக்களே' என்று கேமரா முன்னால் மூன்று பக்கம் படித்தார். முதல் முறை வயிறு வலித்த நாளை மட்டும் படிக்கவில்லை. "அதை விட்டுட்டேன் பார்த்தியா?" என்று பெருமை வேறு.

இன்று அப்பாவின் யூடியூப் சேனலுக்கு ஷூட். 'கோவளத்தில் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்? அஞ்சு கடை.' அஸ்தினாபுரத்திலிருந்து ஆறரை மணிக்குக் கார். காலையில் எனக்கு ஒன்றும் கிடையாது, பசி முகத்தில் தெரிய வேண்டும். அம்மா வரவில்லை. ஃபிரேமில் அம்மா சோகமாகத் தெரிகிறாளாம்.

என் வேலை முதல் வாய். வாயில் வைத்து, கண்ணை மூடி, மனதுக்குள் மூன்று எண்ணி, திறந்து, 'ம்ம்ம்'. பத்து வயதில் ஆரம்பித்தது. இப்போது வீட்டில் சாதம் சாப்பிட்டாலும் மூன்று எண்ணுகிறேன்.

இன்றைய வரிசை:

1. பஸ் நிற்கும் இடத்து டீக்கடை. இஞ்சி டீ, மசால் வடை. 2 டேக். வடை நிஜமாகவே நல்ல வடை.

2. தர்கா போகிற தெருவில் சர்பத் வண்டி. நன்னாரி, எலுமிச்சை, சப்ஜா விதை. 4 டேக், என் முகத்தில் நிழல் கோணலாக விழுந்ததால். நாலு கிளாஸ். அடுத்த இரண்டு மணி நேரம் பாத்ரூம் எங்கே என்பதுதான் என் கவலை.

3. அலைச்சறுக்கு செய்கிறவர்கள் வந்து உட்காரும் கஃபே. தேங்காய் ஓட்டில் பழக்கூழ், மேலே விதைகள். ஜில்லென்ற கஞ்சி. 'ம்ம்ம்'. 1 டேக்.

4. கடலைப் பார்த்த கண்ணாடி ரெஸ்டாரன்ட். அவர்களே கூப்பிட்டிருந்தார்கள். இங்கே மட்டும் அப்பா என்னைத் தலை வாரிக்கொள்ளச் சொன்னார். இறால் ரப்பர் மாதிரி. மேனேஜர் பக்கத்தில் நின்று "பாப்பா, சாஸ் தொட்டு சாப்பிடுங்க, சாஸ்தான் ஸ்பெஷல்" என்றார். 'ம்ம்ம்'. 3 டேக்.

5. ரெஜினா அக்கா கடை.

ஐந்தாவது எப்போதும் 'போகவே கூடாத கடை'. அப்பா சொல்வது: "நாலு கடைய நல்லாருக்குன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான். அஞ்சாவத மோசம்னு சொன்னாத்தான் அந்த நாலும் நிஜமாகும்." எது அந்தக் கடை என்பது காரிலேயே முடிவாகிவிடும். சாப்பிட்டுப் பார்த்து இல்லை. போர்டு இருக்கக் கூடாது. மேப்பில் இருக்கக் கூடாது. சண்டைக்கு வர ஆள் இருக்கக் கூடாது. போன மாதம் பொழிச்சலூரில் ஒரு கூழ் வண்டி.

படகுகளை ஏற்றி வைக்கும் மணல். நீலத் தார்ப்பாய், இரண்டு பெஞ்சு, ஒரு சிலிண்டர், அகலமான இரும்புக் கல். கம்பத்தில் வேளாங்கண்ணி மாதா படம், எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் அதே படம். அதைப் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

"இன்னா பாப்பா, இப்டி வாடிப் போய்க் கீறே? உக்காரு. மொதல்ல தண்ணி குடி."

அப்பா: "அக்கா, சின்னதா ஒரு வீடியோ எடுத்துக்கறோம்."

"எட்துக்க சார். என் மூஞ்சி வாணாம். மீனு மூஞ்சிய எடு, அதான் அயகா கீது."

சங்கரா மீன். மசாலாவில் புளித்தண்ணீர் விட்டிருந்தாள். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் வெள்ளையாக, ஆவி பறந்தது. நான் மூன்று எண்ண மறந்து விழுங்கிவிட்டேன். இன்னொரு வாயும் எடுத்துவிட்டேன்.

"கட். ஜெனி." அப்பா சிரித்த முகத்தோடு குனிந்து காதில், "கார்ல என்ன பேசினோம்?"

டேக் 2. வாயில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. முகத்தைச் சுளித்தேன். மணலில் துப்பினேன்.

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயோ, முள்ளா? தொண்டைலயா? வாயத் தொற!" தன்னுடைய தூக்குச்சட்டியிலிருந்து வெறும் சோற்றை எடுத்து உருட்டி, "மெல்லாத. அப்டியே முயுங்கு" என்று என் வாயில் வைத்தாள். இன்னொரு கை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. "என் தப்புதான் சார். சின்னப் புள்ள. நான்தான் முள்ளு எட்துட்டு குட்த்துருக்கணும்."

முழுங்கினேன்.

"போச்சா கண்ணு?"

"போச்சு" என்றேன்.

அப்பா கேமராவை நிறுத்தவே இல்லை.

கிளம்பும்போது வாழையிலையில் ஒரு துண்டு கட்டிக் கொடுத்தாள். "முள்ளு பாத்து எட்துட்டேன். வூட்ல போய் பயமில்லாம துன்னு." கேளம்பாக்கம் வருவதற்குள் அப்பா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே அதைப் பிரித்துச் சாப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். இலையை ஜன்னல் வழியே எறிந்தார்.


ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

காலைப் பூசை. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். அம்மா சொன்னதை இரண்டு முறை கேட்கவில்லை, காலை ஜெபம் மறந்தேன் என்றேன். பெரியதைச் சொல்லவில்லை. சாமியார் சின்னதுக்கே பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் கொடுத்தார்.

மத்தியானம் மீன் குழம்பு. எனக்கு வேண்டாம் என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கணக்கு டெஸ்ட் புதன். பயிற்சி 3.2 இன்னும் தொடவில்லை.


ஜூலை 15, செவ்வாய்

கரண்ட் இரண்டு முறை போனது. புழுக்கம்.

அப்பா எடிட்டிங் முடித்து எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் காட்டினார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள், அதாவது பார்க்கவில்லை.

'முள்ளா?' இல்லை. 'என் தப்புதான் சார்' இல்லை. முதுகைத் தடவிய கை இல்லை. நான் துப்புகிறேன். உடனே ஒரு கறுத்த கை வந்து என் வாயில் எதையோ திணிக்கிறது. அந்த இடம் மட்டும் மெதுவாக மூன்று முறை. டம் டம் என்று சத்தம். பெரிய சிவப்பு எழுத்து: துப்பிய குழந்தையின் வாயில் திணித்த கடைக்காரம்மா!

"அப்பா, அந்த இடம் மட்டும் வேணாமே."

"எந்த இடம்?"

"சோறு குடுத்தது. முள்ளு மாட்டிருச்சுன்னு நினைச்சுதானே..."

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "உன் பொண்ணு ரொம்பப் பேசுறா. யாரு கத்துக் குடுக்கறது?"

அம்மாவின் கத்தி நின்றுவிட்டது.

அப்பா அடிக்கிறவர் இல்லை. எல்லாரிடமும் இதைச் சொல்வார். அவர் செய்வது வேறு. நான் ஏதாவது தப்பு செய்தால் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிடுவார். போன தடவை பத்தொன்பது நாள். அம்மா இரண்டடி தள்ளி நிற்கும்போதே என்னிடம், "உப்பு பத்தலன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." பதினெட்டாம் நாள் அம்மா காலையில் வேலை பார்க்கும் நர்சரி ஸ்கூலுக்குக் கிளம்பி, குரோம்பேட்டையில் இறங்காமல் பஸ்ஸிலேயே பல்லாவரம் வரை போய்விட்டாள். எங்கே இறங்க வேண்டும் என்பதே மறந்துவிட்டதாம்.

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்படிச் சொல்லு."

அம்மாவின் கத்தி மறுபடியும் ஓடியது.


ஜூலை 18, வெள்ளி

நேற்று மாலை ஆறு மணிக்கு வீடியோ வந்தது. இன்று பஸ்ஸிலேயே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கணக்கு: 25க்கு 14.

லஞ்ச்சில் சுபா: "ஏய் ஜெனி, அந்த மூஞ்சிய ஒரு தடவ காட்டுடி."

"போடி."

"ப்ளீஸ்டி. ஒரே ஒரு தடவ. நாங்க யாருமே உன்ன மாதிரி பண்ண முடியல."

காட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு பெண் தயிர் சாதத்தை டப்பா மூடியில் துப்பிக் காட்டினாள். எனக்குப் போட்டியாக. ரொம்பச் சுமாராகச் செய்தாள். சுமாராகச் செய்கிறாள் என்று எனக்குத் தோன்றியதுதான் இன்று நடந்ததிலேயே மோசம்.

கெமிஸ்ட்ரி மிஸ்: "எந்தக் கடைம்மா அது? ஞாயித்துக்கிழமை நாங்க ஃபேமிலியா போறோம். கண்ணாடி ரெஸ்டாரன்ட் நல்லாருக்கும்ல?"

"இறால் நல்லாருக்கும் மிஸ்" என்றேன்.

வாங்க வேண்டியது: கிராஃப் நோட், ரப்பர் பேண்ட், கற்றாழை ஜெல்.


ஜூலை 22, செவ்வாய்

நல்ல மழை, அரை மணி நேரம். கொடியில் இருந்த யூனிஃபார்ம் நனைந்துவிட்டது.

நான் நினைத்தது: யாரும் அந்தக் கடைக்குப் போக மாட்டார்கள். கடை படுத்துவிடும். அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். நடந்தது வேறு. எல்லாரும் போகிறார்கள். போய், ஒரு துண்டு வாங்கி, வாயில் வைத்து, மணலில் துப்பி, அதை ரீல் எடுத்துப் போடுகிறார்கள்.

அப்பா இன்று வரிசையாக ஓட்டிக் காட்டினார். குதிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதல் ரீல், காலேஜ் பையன்கள். ஒருவன் துப்புகிறான். பின்னால் ரெஜினா அக்கா தூக்குச்சட்டியோடு ஓடி வருகிறாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கையில் உருட்டிய சோற்றோடு அப்படியே நிற்கிறாள்.

இரண்டாவது, புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண் துப்புகிறாள். ரெஜினா அக்கா ஓடி வரவில்லை. கரண்டியோடு நின்று பார்க்கிறாள்.

மூன்றாவது, ஒரு குடும்பம். இரண்டு வயதுக் குழந்தைக்குத் துப்பக் கற்றுக்கொடுக்கிறார்கள். ரெஜினா அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நாலாவது ரீலில்தான் பேசுகிறாள். "டேய், அந்தப் புள்ளைக்கு நெசமாவே முள்ளு மாட்டிக்கிச்சு. தொண்டைல மாட்டுனா துப்பாம இன்னா பண்ணும்? உங்களுக்கு இன்னாடா கேடு?"

எனக்காகச் சண்டை போடுகிறாள்.

"பாத்தியா?" என்றார் அப்பா. "ஈ ஓட்டிக்கிட்டு இருந்த கடை. இப்ப லைன்ல நிக்கறாங்க. அந்தம்மா எனக்கு மாலை போடணும்."

அம்மா சமையலறையிலிருந்து, "துப்பறதுக்கா லைன்ல நிக்கறாங்க?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா கேட்காத மாதிரி இருந்தார்.

அப்பாவின் வீடியோவுக்குக் கீழே ஒரு கமென்ட்: 'இது எங்க சித்தி கடை. விடியற்காலை கடலுக்குப் போயிட்டு வர்றவங்க கஞ்சி குடிச்சு மீன் சாப்பிடற எடம். இப்ப அவங்க வர்றதில்ல. துப்பிப் போட்ட எடத்துல எவன் உக்காந்து சாப்பிடுவான்?' அப்பா படித்துக்கொண்டிருக்கும்போதே விரலால் அழுத்தினார். கமென்ட் இல்லை.

கதவு. போகிறேன்.


ஜூலை 24, வியாழன்

வெயில்.

சனிக்கிழமை மறுபடியும் கோவளம். தலைப்பு ரெடி: 'ஒரிஜினல் பாப்பா ரிட்டர்ன்ஸ்'. கூட்டத்துக்கு நடுவில் நான் துப்ப வேண்டும்.

காய்ச்சல் வர வேண்டும். வெங்காயத்தை அக்குளில் வைத்துக்கொண்டு தூங்கினால் வரும் என்றாள் சுபா. நேற்று வைத்தேன். காய்ச்சல் வரவில்லை. நாற்றம் வந்தது. அம்மா சட்டையை முகர்ந்து பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா கேட்காத, யாரும் பார்க்காத என்னுடைய வரிசை. கோவளத்தில் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்:

டீக்கடை வடை. பத்து மணிக்குள் போக வேண்டும், பிறகு ஆறிப்போய்விடும்.

நன்னாரி சர்பத். ஒரு கிளாஸ் போதும். அந்தத் தாத்தா ஐஸைத் துணியில் சுற்றி மரக்கட்டையால் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே குடிக்க வேண்டும்.

கஃபே: தண்ணீர் குடிக்கலாம். மின்விசிறி நன்றாக இருக்கிறது.

கண்ணாடி ரெஸ்டாரன்ட்: பாத்ரூம் சுத்தம்.

ரெஜினா அக்காவின் சங்கரா. பசியோடு போக வேண்டும். எண்ணக் கூடாது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும். கேமரா இல்லாமல். கேமரா முன்னால் சொன்னால் அதுவும் ஒரு டேக் ஆகிவிடும். 'இன்னொரு தடவ சொல்லு ஜெனி, கண்ணுல தண்ணி வரட்டும்' என்பார்.

என்ன சொல்வது என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஏழு தடவை அடித்துவிட்டேன். 'அக்கா, அன்னைக்கு முள்ளு இல்ல' என்பது மட்டும் மிஞ்சியது.


ஜூலை 26, சனி

வெயில், காற்று, மணல். கண் உறுத்துகிறது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தார்ப்பாயைச் சுற்றி முப்பது, நாற்பது பேர். மணலில் எங்கே பார்த்தாலும் மென்றதும் மெல்லாததுமாக மீன். காக்கைகள். நாலு நாய்கள். படகுப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர், "வந்துட்டானுங்கடா, துப்ப" என்றார்.

அப்பா கூட்டத்தைப் பேட்டி எடுக்கப் போனார். "எங்கேருந்து வர்றீங்க?" "மறைமலை நகர் ண்ணா!" "துப்புனீங்களா?" "ரெண்டு தடவ துப்பினோம் ண்ணா!"

நான் தார்ப்பாய்க்குப் பின்பக்கம் போனேன். அவள் உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"வா கண்ணு. தொண்ட செரியாய்ச்சா? அப்பால வலி கிலி இல்லியே? டாக்டராண்ட காட்னீங்களா?"

"அக்கா, அன்னைக்கு முள்ளு இல்ல."

"இன்னாது?"

"முள்ளு மாட்டல. அப்பா துப்பச் சொன்னாங்க. அதான் துப்பினேன். மீன் ரொம்ப நல்லா இருந்துச்சு."

கத்தி நின்றது.

"அப்போ சோத்த ஏன் முயுங்குன?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "நீங்க குடுத்தீங்க" என்றேன்.

வாளித் தண்ணீரில் கையை விட்டுக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். "ஊரே சொல்லிச்சு. அந்தப் பொண்ணு நடிக்குதுடி ரெஜினான்னு. எங்க வூட்டுக்காரு சொன்னாரு, என் நாத்தனா சொன்னா. நான்தான் பெத்தவ மாறி எல்லாராண்டயும் சண்டைக்குப் போனேன். பச்சப் புள்ளைய சொல்லாதீங்கன்னு." சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நான்தான் கேணச்சி."

"அக்கா, மன்னிச்சி..."

"போ. உங்கப்பன் கூப்புட்றான்."

கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பெஞ்சில் உட்கார வைத்தார். சுற்றிலும் போன்கள். அவளே தட்டைக் கொண்டு வந்தாள். சங்கரா. தட்டை என் முன்னால் வைத்து, நின்றபடியே, தன் விரலால் ஒவ்வொரு முள்ளாகப் பிரித்தாள். நடுமுள்ளை முழுதாக எடுத்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்கோங்க எல்லாரும். இதுல முள்ளு இல்ல." பிறகு என்னிடம், "துன்னு."

சாப்பிடப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. வாயில் வைத்தேன். சூடு. புளி. விழுங்கிவிடலாம், ஒரு நொடி வேலை. கேமராவுக்கு மேல் அப்பாவின் கை தெரிந்தது. மூன்று விரல். இரண்டு. ஒன்று. எனக்கு அம்மாவின் கத்தி நின்றது ஞாபகம் வந்தது. பல்லாவரம் ஞாபகம் வந்தது.

துப்பினேன்.

கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். "தலைவி!" என்று ஒருவன் கத்தினான்.

ரெஜினா அக்கா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சிலிண்டரை மூடினாள். கல்லில் பாதி வெந்திருந்த துண்டுகளை ஒரு பாத்திரத்தில் வழித்தாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு சொல்லியிருந்தேனே?"

"கடை இல்ல. போங்க."

"ஏங்கா, இவ்ளோ கூட்டம் இருக்கு..."

"துன்ன வந்தவன் எவனாது கீறியா இதுல? கைய தூக்கு, பாக்கலாம்."

யாரும் தூக்கவில்லை. அப்பா அதையும் எடுத்துக்கொண்டார்.

காரில் அப்பா பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வண்டலூர் தாண்டியதும், "அந்தக் கடைசி டயலாக் பிரமாதம்ல? கேட்டாக்கூட கிடைக்காது" என்றார். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். முழுதும் சாப்பிட்டேன்.


ஜூலை 27, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். மாலை லேசான மழை.

வீடியோ ஆறு மணிக்குப் போட்டாயிற்று. 'மாட்டிக்கிட்டதும் கடைய மூடிட்டு ஓட்டம்!' அப்பா ஆறரைக்குப் படப்பை கிளம்பினார், யாரோ பரோட்டாக் கடைக்காரரைப் பார்க்க. அடுத்த வாரத்து ஷூட். அங்கே எது ஐந்தாவது என்று தெரியவில்லை.

ஏழரை மணி. அம்மா தன் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா சேனல் பார்ப்பதே கிடையாது. இன்று பழைய வீடியோ, புதியது, இரண்டையும் முழுதாகப் பார்த்தாள். சிலிண்டரை மூடும் இடத்தைப் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தாள்.

"மீன் நிஜமாவே கெட்டுப்போயிருந்துச்சா ஜெனி?"

"இல்லம்மா."

"அப்புறம்?"

சொன்னேன். முள், சோறு, இலையில் கட்டிக் கொடுத்த துண்டு, காரில் அப்பா சாப்பிட்டது, நேற்றுப் பின்பக்கம் பேசியது, மூன்று விரல். பத்தொன்பது நாளைப் பற்றியும் சொன்னேன். அம்மாவுக்காகத்தான் துப்பினேன் என்று சொல்ல வந்து, அது பாதிதான் உண்மை என்று தோன்றியதால் சொல்லவில்லை. எனக்கு என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது.

அம்மா கத்தவில்லை, அழவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புது வீடியோவின் கீழே கமென்ட் இடத்தில் ஒரு விரலால் டைப் செய்தாள். ரொம்ப நேரம். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

'நான் ஜெனியின் அம்மா. அந்தக் கடை மீனில் ஒரு குறையும் இல்லை. என் மகளைத் துப்பச் சொன்னது என் கணவர். கோவளம் ரெஜினா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். யாரும் அங்கே போய்த் துப்பாதீர்கள். சாப்பிடப் போங்கள்.'

அம்மாவின் சொந்த அக்கவுன்ட். அம்மாவின் பெயர், ஈஸ்டருக்கு எடுத்த படம். இதற்கு மேல் தெளிவாக மாட்டிக்கொள்ள முடியாது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்மா."

"தெரியும்."

"உன்கிட்ட பேச மாட்டாரு."

"அவர் பேசி என்ன சொல்லிட்டாரு இத்தன வருஷம்?" அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் அனுப்பிடுவேன். ஆனா துப்புனது நீ. நீ சொல்லு."

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'நேற்றும் மீன் நன்றாக இருந்தது. பயத்தில் துப்பினேன். ஜெனி.' அனுப்பும் குறியை நான்தான் தொட்டேன். மூன்று எண்ணவில்லை.

இரண்டு நிமிடத்தில் முதல் பதில்: 'ஃபேக் ஐடி. பெத்த அம்மா இப்படியெல்லாம் எழுதுவாங்களா?' அதற்கு நிறைய லைக். அடுத்தது: 'நேத்து அங்கதான் இருந்தேன். என்னாலயும் கை தூக்க முடியல.' அதற்கு ஒன்றுகூட இல்லை. ரெஜினா அக்கா இதையெல்லாம் பார்ப்பாளா தெரியவில்லை. பார்த்தாலும் என்ன. நேற்று அவள் கண் முன்னால் துப்பியது அப்படியேதான் இருக்கும்.

ஒன்பதரைக்கு அப்பா வந்தார். போனில் சார்ஜ் இல்லாமல் வழியிலேயே அணைந்துவிட்டதாம். வந்ததும் சார்ஜரில் போட்டார். படப்பையில் நல்ல வரவேற்பாம், சந்தோஷமாக இருக்கிறார். அம்மா தோசை ஊற்றுகிறாள். எனக்கு வழக்கமான வாளி, வழக்கமான குழாய். காது முழுதும் ஹாலில்.

தோசைக்கு நடுவில் எழுந்து போய் போனை ஆன் செய்தார். வரிசையாக டிங் டிங் என்று சத்தம். "செம ஓட்டம் போல இருக்கே" என்றார். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கமென்ட் பார்ப்பார், எப்போதும் அப்படித்தான்.

இன்னொரு தோசை கேட்கிறார்.

"மாவு தீந்துடுச்சு" என்கிறாள் அம்மா. சாதாரணக் குரல்தான்.

மாவு இருக்கிறது. ஆறேமுக்காலுக்கு நான்தான் போய் வாங்கி வந்தேன். இரண்டு பாக்கெட்.